கையெழுத்து யாருடையது?

"பேஷண்ட் அட்டெண்டர் யாருங்க?"

தாம்பரம் தொடங்கி காட்டாங்குளத்தூர், செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையோர மருத்துவமனைகளில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கேட்கும் குரல் இது. கணவரோ மகனோ எழுந்து ஓடுவார். நர்ஸ் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். ஆபரேஷன் யாருக்கோ அவர் முழு நினைவோடு உள்ளே படுத்திருப்பார். பல நேரம் அவரை யாரும் கேட்பதே இல்லை.

சமீரா கோலி வழக்கை அறிந்தவர்களுக்கு இது உறுத்தும். 1995 மே மாதம். டெல்லியில் 44 வயதான, மணமாகாத பெண், நிற்காத உதிரப்போக்குக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கச் சம்மதித்தார். தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம் என்றும் படிவத்தில் இருந்தது. அவர் மயக்கத்தில் இருக்கும்போது உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கினார். கருப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் அத்தனையும் அகற்றப்பட்டன.

அவர் நன்மைக்காகவே செய்தோம், இன்னொரு ஆபரேஷனைத் தவிர்த்தோம் என்றது மருத்துவர் தரப்பு. 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்கலாம். வயதுவந்த மகளுக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்றது. இழப்பீடு 25,000 ரூபாய். இழந்ததற்கு இது மிகச் சொற்பம்.

சிகிச்சை எப்படிப்பட்டது, மாற்று வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் எவை, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டும் என்று வரையறுத்த அதே தீர்ப்பு, அமெரிக்க அளவுக்கு எல்லாவற்றையும் விவரிக்கத் தேவையில்லை என்றது. நம் மக்களின் வறுமையும் அதற்கு ஒரு காரணம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வசதியுள்ளவர் இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொள்வார். மறைமலை நகர் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் ஒப்பந்தத் தொழிலாளி யாரிடம் கேட்பார்? அவருக்குத்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். 18 வயது நிரம்பிய பெண்ணின் கருக்கலைப்புக்கு அவர் சம்மதம் போதும். சட்டம் கணவர் கையெழுத்தைக் கேட்கவில்லை. கருத்தடை ஆபரேஷனுக்கும் அரசின் வழிகாட்டுதல் அதுவே. ஆனாலும் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்பது இன்னும் கேட்கிறது.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசுவதற்கும் மருத்துவ அறத்துக்கும் தனி வகுப்புகள் உண்டு. காட்டாங்குளத்தூரிலும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வருகிறவர்கள் ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலையே, தமிழ்ப் படிவத்தோடு நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து பேசட்டும். அட்டெண்டரும் பக்கத்தில் இருக்கட்டும். பேனாவை நோயாளி கையில் கொடுக்கட்டும்.