ஹெட்போன் ஜாக் உடைஞ்சுபோச்சா? மதர்போர்டு மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

மறுநாள் காலை 10 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. முந்தைய நாள் இரவு ஹெட்போன் வயரில் கால் சிக்கி, லேப்டாப் கட்டிலில் இருந்து சரிகிறது. நேராக ஹெட்போன் பின் மீதே விழுகிறது. ஸ்கிரீன் தப்பித்துவிட்டது, சத்தம்தான் வரவில்லை. 'அய்யோ, சவுண்ட் கார்டு போச்சே' என்று தலையில் கைவைக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. போயிருப்பது பெரும்பாலும் அது இல்லை.

எது உடைகிறது?

இப்போது வரும் லேப்டாப்களில் சவுண்ட் கார்டு தனியாக இருப்பதில்லை. மதர்போர்டிலேயே சின்னதாக ஓர் ஆடியோ சிப் இருக்கும். நாம் ஹெட்போன் சொருகும் 3.5 மி.மீ. ஜாக் அதற்கு வாசல் மாதிரி. அடியை முதலில் வாங்குவது இந்த வாசல்தான். ஜாக்கைப் பிடித்திருக்கும் சால்டர் விட்டுப்போகலாம். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வளைந்துபோகலாம்.

சரி, ஸ்பீக்கரிலும் ஏன் சத்தம் வரவில்லை?

ஜாக்குக்குள் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. பின் உள்ளே போனதும், 'ஹெட்போன் மாட்டியாச்சு' என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். உடனே ஸ்பீக்கர் அமைதியாகிவிடும். பின்னின் முனை உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டாலோ, தகடு வளைந்தாலோ, சுவிட்ச் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். இல்லாத ஹெட்போனுக்குக் கம்ப்யூட்டர் சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஆடியோ சிப்பின் பெயர் வழக்கம்போல் தெரிந்தால், சிப் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம்.

நாளைக்கு இன்டர்வியூ, இப்ப என்ன பண்றது?

யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். இதுவே ஒரு குட்டி சவுண்ட் கார்டுதான். உடைந்த ஜாக்கோ, மதர்போர்டு சிப்போ இதற்குத் தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்கு டிரைவரும் வேண்டாம். சொருகிவிட்டு, சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட், இன்புட் இரண்டிலும் இதைத் தேர்வு செய்தால் போதும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மொபைல் இயர்போன்போல மைக்கும் சேர்ந்த ஒற்றைப் பின் என்றால், அதற்கேற்ற ஒற்றை ஜாக் அடாப்டர் வேண்டும். மைக்குக்குத் தனி ஜாக் உள்ளதை வாங்கினால் மைக் வேலை செய்யாது.

வீட்டில் ப்ளூடூத் ஹெட்செட் இருந்தால் அதுவும் கைகொடுக்கும். ஆனால், மைக் ஆன் ஆனதும் பல ஹெட்செட்டுகளில் சத்தத்தின் தரம் குறையும். எனவே, முன்கூட்டியே நண்பருக்கு ஒரு கால் போட்டு டெஸ்ட் பண்ணிடுங்க.

இதை மட்டும் செய்யாதீங்க!

* உள்ளே சிக்கிய முனையை ஊக்கு, ஊசியால் நோண்டாதீர்கள். இன்னும் உள்ளே போகும். லேப்டாப் ஆனில் இருந்தால் ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு.
* பசை தடவி இழுக்க வேண்டாம். பசை கசிந்தால் ஜாக்கே வீணாகிவிடும்.
* ஆபீஸ் லேப்டாப் என்றால் நீங்களே திறக்காதீர்கள். ஐ.டி. டீமிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு...

தனி சவுண்ட் கார்டைக் கழற்றி மாட்டும்போது ஸ்குரூ டிரைவர் வழுக்கிக் கீறிவிட்டதா, குட்டி கெப்பாசிட்டர் பெயர்ந்துவிட்டதா? அந்த கார்டைப் போட்டு ஆன் செய்து பார்க்காதீர்கள். பவர் கேபிளை உருவி, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு கார்டை வெளியே எடுங்கள். பெயர்ந்த பாகத்தைப் பத்திரப்படுத்துங்கள். சால்டர் செய்து சரிசெய்ய அது உதவும். அதுவரை மதர்போர்டிலேயே உள்ள ஆடியோ ஜாக்கைப் பயன்படுத்தலாம். அது வேலை செய்யவில்லை என்றால், பயாஸில் ஆன்போர்டு ஆடியோ ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் என்ன கேட்கணும்?

'சவுண்ட் வரலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'ஜாக்கில் அடிபட்டது, ஜாக்கை மட்டும் மாத்த முடியுமா?' என்று கேளுங்கள். சில மாடல்களில் ஜாக், மதர்போர்டோடு கேபிளில் இணைந்த தனி போர்டில் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். மற்றவற்றுக்குச் சிப் லெவல் சர்வீஸ் செய்யும் கடைகள் இருக்கின்றன. சென்னைவாசிகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்திலேயே இருக்கிறது.

கீழே விழுந்து உடைந்ததைச் சாதாரண வாரன்ட்டி பொதுவாக ஏற்காது. லேப்டாப் வாங்கும்போது விபத்துச் சேதத்துக்கான பாதுகாப்புத் திட்டம் எடுத்திருந்தால், கடைக்குப் போகும் முன் அந்த பில்லைத் தேடி எடுங்கள். வெளியில் திறந்துவிட்டால் அதுவும் கைவிட்டுப் போகலாம்.