காலால் தேடும் மட்டி

திருகோணமலையில் மட்டிச் சதை விற்கும் பெண்களிடம் எத்தனையோ முறை பேரம் பேசியிருக்கிறேன். கடலில் சும்மா கிடப்பதைப் பொறுக்கி வருகிறார்கள், அதற்கு இவ்வளவு விலையா என்பதுதான் என் கணக்கு. ‘மட்டி பொறுக்குதல்’ என்ற சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது. ஒரு போயா விடுமுறையில் கிண்ணியாப் பக்கம் போனபோதுதான் அந்தக் கணக்குப் பிழைத்தது.

2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தின் கீழால் தம்பலகாமக் குடாவின் நீர் கொட்டியாரக் குடாவுக்குள் போய் வருகிறது. மகாவலியும் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் சேர்கிறது. உப்பும் நன்னீரும் கலந்து, மணலும் சேறும் படியும் இப்படியான இடம் மட்டிக்குப் பிடித்தமானது. அங்கே இடுப்பளவு நீரில் நின்ற ஒரு ராத்தாவிடம் எனக்கும் பழக்கிவிடும்படி கேட்டேன். சிரித்துவிட்டு இறங்கச் சொன்னார்.

நான் கையில் ஒரு சிறு மண்வெட்டியோடு போயிருந்தேன். வெளிநாட்டுக் காணொளிகளில் கடல் வெகுதூரம் உள்வாங்கிய பிறகு ஈர மணலைத் தோண்டி எடுப்பதைப் பார்த்த பழக்கம். நம் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. அமாவாசை, பூரணையை ஒட்டி நீர் இன்னும் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். ஆகவே இங்கே நீருக்குள் நின்றபடியேதான் தேட வேண்டும். மண்வெட்டி கரையிலேயே கிடந்தது.

“கண்ணால தேடினா கிடைக்காது தங்கச்சி. காலால தேடுங்க” என்றார்.

பாதத்தைத் தூக்கி வைக்கக்கூடாது, மணலோடு இழுத்து நகர வேண்டும். அதில் இரண்டு காரியம் நடக்கிறது. மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும். மேலோட்டமாகப் புதைந்திருக்கும் மட்டி விரலில் தட்டுப்படும். கல்லும் தட்டுப்படும், செத்த ஓடும் தட்டுப்படும். முதல் அரைமணி நேரம் நான் குனிந்து எடுத்ததெல்லாம் அவைதான். உடைந்த ஓடு குதிக்காலைக் கீறியதும் அதே அரைமணி நேரத்தில்தான். ராத்தாவோ இடுப்பில் கயிறு கட்டி, பின்னால் மிதக்கும் பிளாஸ்ரிக் பேசினுக்குள் பேசிக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தார்.

மட்டி ஏன் ஆழத்தில் இல்லை? அது மணலுக்குள் இருந்தபடியே இரண்டு சிறு குழாய்களை மேலே நீட்டுகிறது. ஒன்றால் நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசிகளை வடித்து உண்டு, மற்றதால் வெளியே விடுகிறது. குழாய் குட்டையான வகைகள் மேல்மட்டத்திலேயே இருந்தாக வேண்டும். நீர் வற்றிய திட்டுகளில் அந்த இடம் சிறு துளையாகத் தெரியும். நீரை வடித்து வாழ்வதால், கழிவுநீர் விழும் இடத்து மட்டி அந்த அழுக்கையும் சேர்த்து வைத்திருக்கும். வான்கால் அருகே எத்தனை கிடந்தாலும் தொடக்கூடாது.

பெருவிரல் நுனியளவுக்குச் சிறியவற்றை ராத்தா திரும்ப நீருக்குள் எறிந்தார். அவை இன்னும் இனம் பெருக்கியிருக்காது. “நான் விட்டா அங்கால நிக்கிறவ எடுப்பா. அவவுக்கும் புள்ளைகள் இரிக்கி” என்றார். சொல்லிவிட்டு அடுத்ததையும் எறிந்தார். இதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கரைக்கு வந்த பிறகுதான் பாதி வேலை. கடல்நீரிலேயே சில மணிநேரம் ஊற வைத்தால் உள்ளிருக்கும் மணலைத் துப்பிவிடும். குழாய்நீரில் போட்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும். மட்டியின் இரண்டு ஓடுகளையும் தசைதான் இழுத்து மூடி வைத்திருக்கிறது. செத்தால் பிடி விட்டு ஓடு திறக்கும். ஆகவே அவிக்குமுன் வாய் பிளந்து, தட்டியும் மூடாமல் கிடப்பதை வீசிவிட வேண்டும். சேறு நிரம்பிய வெற்று ஓடு இதைவிடப் பெரிய ஏமாற்று. உயிருள்ளதைப் போலவே மூடிக்கிடக்கும். ராத்தா ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு தட்டி, ஓசையை வைத்தே அவற்றைப் பிரித்தார். எனக்கு எல்லாம் ஒரே ஓசையாகத்தான் கேட்டது. வீட்டில் அவித்தபோது தப்பியிருந்த ஒன்று வாய் திறந்து சட்டி நீர் முழுவதையும் கறுப்பாக்கியது. மறுபடி எல்லாவற்றையும் கழுவ வேண்டியதாயிற்று.

மூன்று மணிநேரம் நின்று நான் எடுத்தது அரை வாளி. அவித்து, ஓடு கழற்றி, குடலை நீக்கிப் பார்த்தால் சதை ஒரு தேநீர்க் கோப்பையை நிரப்பவில்லை. சந்தையில் அதைப்போல் நாலு மடங்கைக் கூறு கட்டி வைத்திருந்த பெண்ணிடம்தான் முந்தைய மாதம் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் நின்றிருந்தேன்.