மீனுக்கு மஞ்சளும் பூண்டும்: கேட்பவருக்கு நாம் என்ன சொல்வது?

நம் கடைகளில் மஞ்சள் தூளும் பூண்டும் வாங்குகிறவர்கள் எல்லோரும் சமையலுக்கே வாங்குவதில்லை. ஏரல் வட்டாரத்துக் குளங்களைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவர்களும், கடற்கரையோரம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களும், "மீனுக்குச் சீக்கு அண்ணாச்சி, இதைப் போட்டால் கேட்குமா?" என்று விசாரித்து வாங்குவதுண்டு. சரக்கு போனால் சரி என்று தலையாட்டிவிடலாமா? விவரம் தெரிந்து பதில் சொல்வதே வியாபாரிக்கு அழகு.

பாக்டீரியா நோய்க்கு ஆண்டிபயாட்டிக் மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுப்பது பண்ணைகளில் பழகிப்போன வழி. அளவின்றிக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போகின்றன. மருந்தின் மிச்சம் மீனிலேயே தங்குகிறது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகள் இறால் பண்ணைகளில் தடை செய்யப்பட்டவை. நம் நாட்டு வளர்ப்பு இறாலில் சோதனைக்கு எடுக்கும் சரக்கின் அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியதற்கும் இந்த மருந்து மிச்சமே காரணம். சரக்கு திரும்பி வந்தால் நஷ்டம் ஏற்றுமதியாளருக்கு மட்டுமல்ல. பண்ணைக்காரர் கையில் பணம் ஓடாவிட்டால் நம் கடைப் பற்றும் நிலுவையில் நிற்கும்.

இதனால்தான் மூலிகைகளின் பக்கம் பார்வை திரும்பியிருக்கிறது. 1988இல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக நம் நாட்டுக்குள் வந்த மீன் புண் நோய்க்கு, சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்து குளத்தில் தெளித்தார்கள். அந்நோய்க்கு மூலம் ஒருவகை நீர்ப் பூஞ்சை. புண்ணில் பாக்டீரியா பின்னால் சேர்ந்துகொள்ளும். புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் ரோகு மீனுக்குத் தீவனத்தில் பூண்டு கலந்து கொடுத்து, பிறகு ஏரோமோனாஸ் என்ற கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள். பூண்டு தின்ற மீன்களே அதிகம் பிழைத்தன. 2007இல் இந்த ஆய்வு வெளியானது.

பூண்டை நசுக்கும்போதுதான் அதன் காரச் சத்தான அல்லிசின் உண்டாகிறது. முழுப் பூண்டை வேகவைத்தால் அது உண்டாகாது. ஆகவே பச்சையாக இடித்துச் சேர்க்க வேண்டும். மஞ்சளின் சத்து தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கலந்து தீவனத்தின் மேல் பூசினால்தான் மீனின் வயிற்றுக்குப் போகும்.

ஆனால் இவை வருமுன் காப்பவை. நோய் முற்றிய மீன் தீவனத்தையே தொடாது. பிறகு அதில் எதைக் கலந்து என்ன பயன்? இறாலின் வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. அதற்கு ஆண்டிபயாட்டிக்கும் கேட்காது, பூண்டு தீர்த்துவைக்கும் என்றும் சொல்வதற்கில்லை. குளத்து நீர் கெட்டிருந்தால் எந்த மருந்தும் நிற்காது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. சாயம் கலந்த மஞ்சள் தூளை மீனுக்குத்தானே என்று தள்ளிவிடக் கூடாது. லெட் குரோமேட் சாயத்திலுள்ள ஈயம் மீன் வழியாக நம் தட்டுக்கே திரும்பி வரலாம். விரலி மஞ்சளை நேரில் அரைத்துக் கொடுப்பதே உத்தமம்.

2. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தீவனத்துக்கு விற்கக் கூடாது. அதிலுள்ள நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் கடைவீதியே மூழ்கியதைப் பார்த்த நமக்கு, நனைந்த சரக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

3. "இது மருந்து, நிச்சயம் குணமாகும்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அளவு கேட்பவரைத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கு அனுப்புங்கள். 1977 முதல் நம் பக்கத்திலேயே இருக்கும் கல்லூரி அது.

சுத்தமான சரக்கும் உண்மையான வார்த்தையும் கொடுத்தால், மீன் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகமாட்டார்.