ரிப்போர்ட் சரி, டியூபை ஏன் எடுக்க வேண்டும்?

"அந்த மருந்து கேக்கும்னுதான் ரிப்போர்ட்ல போட்டிருக்கு. அப்புறம் ஏன்ணா காய்ச்சல் விடல? டியூப எடுக்கணும்னு வேற சொல்றாங்க."

வடமாலபேட்டையில் திருப்பதி பஸ்ஸுக்கு நின்றபோது தெரிந்த தம்பி ஒருவர் கேட்டார். அவருடைய அப்பாவுக்கு டயாலிசிஸுக்காகக் கழுத்தில் டியூப் போட்டிருக்கிறது. ரத்தக் கல்ச்சரில் பூஞ்சை வந்துவிட்டது. டீ சொல்லிவிட்டு அவருக்கு விளக்கியதை இங்கே எழுதுகிறேன். திருப்பதி ரூயா, ஸ்விம்ஸ், வேலூர் சிஎம்சி என்று ஆஸ்பத்திரிகளுக்கு அலைகிற நம் பக்கத்து ஜனங்களுக்கு உதவும்.

கேண்டிடா என்கிற பூஞ்சை நம் குடலிலும் தோலிலும் சாதுவாக இருப்பதுதான். டியூப் போட்டதும் அதற்கு ரத்தத்துக்குள் நேர்வழி கிடைத்துவிடுகிறது. முதலில் பிளாஸ்டிக்கில் ஒட்டும். ஓரிரு நாளில் நூல் நூலாக நீண்டு பின்னிக்கொள்ளும். அப்புறம் தானே சுரந்த பசையைப் போர்த்திக்கொள்ளும். மேல்தொட்டியின் உட்சுவரில் வழவழவென்று பிடித்திருக்குமே, அப்படி. தண்ணீரைத் திறந்துவிட்டால் வழுக்கல் போய்விடுமா? பயோஃபிலிம் என்பது இதுதான்.

லேபில் மருந்தைச் சோதிப்பது தனித்தனியாக மிதக்கும் பூஞ்சையின் மேல். டியூபில் அப்பியிருக்கும் பூஞ்சைக்கு அந்த ரிப்போர்ட் பொருந்தாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜூலியா டக்ளஸ் குழுவினர் கதீட்டர் (அந்த டியூப்தான்) துண்டுகளின் மேல் கேண்டிடாவை வளர்த்து ஐந்து மருந்துகளை ஊற்றிப் பார்த்து 1995-இல் எழுதினார்கள். மிதக்கும்போது அடங்கிய அதே பூஞ்சை, ஒட்டியபின் ஐந்துக்குமே பெரிதாக அசையவில்லை.

மருந்துகளில் முதலில் கைக்கு வருவது ஃப்ளூகோனசோல். மலிவு, மாத்திரையாகவும் உண்டு. பூஞ்சையின் உறைக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைச் செய்யவிடாமல் தடுக்கும். வளர்ச்சி நிற்குமே ஒழிய, கேண்டிடா சாவது குறைவு. பயோஃபிலிமிலோ அந்தப் பசையில் இருக்கும் குளுக்கன் என்ற சர்க்கரைப் பொருள் மருந்தையே வழியில் பிடித்து வைத்துக்கொள்கிறது. தப்பி உள்ளே போனதையும் செல்கள் வெளியே தள்ளுகின்றன.

காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின் வகை வேறு விதம். அவை குளுக்கன் தயாராவதையே நிறுத்துகின்றன. செல்லின் சுவரும் அதுதான், போர்வையும் அதுதான். ஆகவே பயோஃபிலிமிலும் வேலை செய்கின்றன. லிப்போசோமல் ஆம்போடெரிசினும் பயோஃபிலிமில் வேலை செய்யும். பழைய ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், டயாலிசிஸ்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காஸ்போஃபங்கின் வகையும் லிப்போசோமல் ஆம்போடெரிசினும் நரம்பில் ஏற்ற வேண்டியவை, விலையும் அதிகம்.

அந்த மருந்துகள் போட்டாலும் டியூபில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதிலிருந்து பிய்ந்து ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஆகவே டியூபை எடுக்கச் சொல்லும் டாக்டர் மருந்து தோற்றதால் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், சிகிச்சையில் பாதி அதுதான்.

இது எங்கோ நடப்பதில்லை. இந்தியாவின் 27 ஐசியூக்களில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், சேர்ந்த ஆயிரம் பேரில் ஆறேழு பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா இருந்தது. முதலிடம் கேண்டிடா டிராபிகாலிஸுக்கு. ஃப்ளூகோனசோலை மதிக்காத கேண்டிடா ஆரிஸையும் அதில் கண்டார்கள்.

யூரின் டியூப் கதை தனி. யூரினில் பூஞ்சை என்று வந்து, ஆளுக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லையென்றால், பெரும்பாலும் மருந்தே வேண்டாம். டியூபை எடுத்தாலே பல பேருக்குச் சரியாகிவிடும்.

வீட்டில் யாருக்காவது டியூப் இருந்தால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் "இது இன்னும் வேணுங்களா?" என்று தினமும் கேளுங்கள். தொடுமுன் நர்ஸம்மாவும் கை கழுவட்டும், நீங்களும் கழுவுங்கள். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்: கல்ச்சரில் பூஞ்சை இல்லை என்று வந்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள் போட வேண்டும். கண்ணிலும் இறங்கக்கூடியது இது, கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.