கதை எப்போது முடியும்?

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறும் பிரயாணிக்குப் பொறுமை என்னும் குணம் அவசியம் வேண்டும். கச்சிராயபாளையம் வரையில் பாதை வயல்களின் நடுவே ஒழுங்காகத்தான் போகிறது. கோமுகி அணையின் நீர்ப்பரப்பைக் கண்ட பிறகு கல்வராயன் மலை தன் சுயரூபத்தைக் காட்டத் தொடங்குகிறது. சற்று முன்பு எந்தப் பாறையைக் கடந்தோமோ, அதே பாறை வளைவு திரும்பியதும் காலடியில் கல்லெறி தூரத்தில் தெரிகிறது. "இவ்வளவு சுற்றியும் இவ்வளவுதானா வந்தோம்?" என்று மனம் சோர்ந்து போகிறது.

சமீபத்தில் நான் அவ்வாறு சோர்ந்திருந்த சமயத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாலிபர் ஒருவர் என்னைவிட அதிகமாகச் சோர்ந்திருப்பதைக் கவனித்தேன். அவருடைய சோர்வுக்குக் காரணம் மலைப்பாதை அல்ல. மடியில் இருந்த புத்தகம். செங்கல்லுக்கு நிகரான கனமுள்ள அந்தப் புத்தகத்தை அவர் திறப்பார், இரண்டு பக்கம் படிப்பார், பெருமூச்சு விட்டு மூடுவார், மறுபடியும் திறப்பார்.

"அவ்வளவு துக்கமான கதையா, தம்பி?" என்று கேட்டேன்.

"கதையில் துக்கம் இல்லை, ஐயா. கதை நகரவில்லை என்பதுதான் துக்கம்!" என்றார் அவர்.

பத்தாம் பாகத்தின் பாடு

வாலிபர் மலைமேல் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். அவர் படித்துக் கொண்டிருந்தது ராபர்ட் ஜோர்டன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'காலச் சக்கரம்' என்னும் மாயாலோகக் கதை. அதில் பதினான்கு பாகங்கள். முதற் பாகம் 1990-ம் வருஷத்தில் வெளியாயிற்று. நண்பர் கையில் இருந்தது 2003-ல் வந்த பத்தாம் பாகம்.

"ஒன்பதாம் பாகத்தின் முடிவில் ஒரு மகத்தான காரியம் நடக்கிறது, ஐயா. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று துடிதுடித்துக் கொண்டு பத்தாம் பாகத்தைத் திறந்தேன். அந்தக் காரியம் நடந்த அதே வேளையில் மற்றவர்கள் எங்கெங்கே என்னென்ன செய்து கொண்டிருந்தார்கள் என்று நூற்றுக்கணக்கான பக்கம் சொல்லிக் கொண்டே போகிறார்! ஒவ்வொருத்தியும் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள், சட்டையில் என்ன பின்னல் வேலை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதிலே ஒரு பெண், கோபம் வரும்போதெல்லாம் தன் சடையைப் பிடித்து இழுக்கிறாள். எத்தனை முறை இழுத்தாள் என்று எண்ண ஆரம்பித்து, எண்ணவும் முடியாமல் விட்டுவிட்டேன்!"

"பேசாமல் புத்தகத்தையே விட்டுவிடலாமே?"

"எப்படி விடுவது? ஒன்பது பாகம் படித்துத் தொலைத்து விட்டேனே!"

இந்த ஒரு வாக்கியத்தில் நெடுங்கதை வாசகர்களின் சங்கடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சிறிய கதை அலுத்தால் மூடி வைத்துவிடலாம். நெடுங்கதையிலோ, நம் ஆயுளில் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டியிருக்கிறோம். தொடர்ந்து படிக்கவும் முடிவதில்லை. விட்டொழிக்கவும் மனம் வருவதில்லை.

அவருக்கு ஆறுதலாக என் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னேன்.

தகரப் பெட்டியில் கிடந்த கதை

'பொன்னியின் செல்வன்' 1950-ம் வருஷம் தொடங்கி 1954 வரையில், ஏறக்குறைய மூன்றரை வருஷ காலம், 'கல்கி' பத்திரிகையில் வாராவாரம் மணியம் வரைந்த சித்திரங்களுடன் வெளியாயிற்று. என் பாட்டனார் கள்ளக்குறிச்சிக்கு அருகே ஒரு கிராமத்தில் சிறு விவசாயி. பத்திரிகை வந்த அன்று இரவு, திண்ணையில் லாந்தரை வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார். தெருவில் உள்ள பெண்கள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். என் பாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் வந்தியத்தேவன் குதிரைமேல் வந்த வழியில் உள்ள ஊர்களையெல்லாம் வரிசை தவறாமல் சொல்லுவாள்.

அவளுக்கு அந்தக் கதையில் விசேஷ உரிமை ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனுக்கும் குந்தவைக்கும் அருள்மொழிக்கும் தாய்வழிப் பாட்டனார் திருக்கோவலூர் மலையமான் அல்லவா? "நம் பக்கத்து ராஜா" என்பாள். திருக்கோவலூர், அதாவது திருக்கோயிலூர், எங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டிப் பிரயாண தூரந்தான்.

ஆனால் கதையை ஆசிரியர் சரியான இடத்தில் நிறுத்திவிட்டுத் 'தொடரும்' போட்டு விடுவார். கடம்பூர் மாளிகையில் கத்தி பளபளக்கும். அடுத்த அத்தியாயத்தில் இலங்கையில் யானை ஓடும்! பாட்டி பொருமுவாள். பாட்டனாரோ சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் வரட்டும்" என்று சொல்லி விளக்கைத் தணிப்பார்.

1953-ம் வருஷத்து மழைக்காலத்தில் என் பாட்டனார் விஷக் காய்ச்சல் கண்டு காலமானார். வாசிப்பதற்கு ஆள் இல்லை. பத்திரிகைக்குச் சந்தா கட்டவும் வழியில்லை. கைக்குழந்தையாக இருந்த என் தகப்பனாரை வளர்க்கும் பொறுப்பு பாட்டியின் தலைமேல் விழுந்தது. பழைய இதழ்களைக் கட்டித் தகரப் பெட்டியில் வைத்துவிட்டாள். கதை அவளுக்குப் பாதியிலேயே நின்று போயிற்று. இருபத்தெட்டு வருஷம் நின்றது!

1981-ம் வருஷத்தில் நூலகத்திலிருந்து ஐந்து பாகங்களையும் ஒவ்வொன்றாக வாங்கி வந்து, விட்ட இடத்திலிருந்து நான் வாசித்தேன். கடைசிப் பாகத்தில் மட்டும் தொண்ணூற்றொரு அத்தியாயங்கள். முடிந்த அன்று பாட்டிக்குப் பரவசம் உண்டாகும் என்று எதிர்பார்த்தேன். உண்டானது கோபந்தான்!

"கரிகாலனைக் கொன்றது யார் என்று கடைசி வரையில் உடைத்துச் சொல்லவே இல்லையே! உன் தாத்தா இருந்திருந்தால் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருப்பார்" என்றாள்.

அக்காலத்து வாசகர்கள் பலர் அப்படித்தான் கடிதம் போட்டார்கள். கதை சட்டென்று முடிந்துவிட்டது, இன்னார் என்ன ஆனார் என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சமாதானமாகவே கல்கி நாவலுக்கு ஒரு முடிவுரை எழுதிச் சேர்த்தார். அதையும் வாசித்துக் காட்டினேன். பாட்டி பாதிதான் சமாதானம் அடைந்தாள்.

பிறகு ஒரு நாள் அவளைத் திருக்கோயிலூர் வீரட்டானேசுவரர் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்குள்ள சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, மலையமான் குலத்தில் பிறந்து இராஜராஜனைப் பெற்ற வானவன் மாதேவி, பால் குடிக்கும் குழந்தையையும் பிரிந்து, இறந்த கணவனோடு தீயில் புகுந்தாள் என்று சொல்லுகிறது. அதைக் கேட்டுப் பாட்டி வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அப்புறம் அந்தக் குழந்தையை யார் வளர்த்தார்கள்?" என்று கேட்டாள்.

பத்துப் பருவத்தோடு நின்றது

வாலிபர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக் கொண்டிருந்தார். "அப்படியானால் இந்த அவஸ்தை பழைய அவஸ்தைதான் போலிருக்கிறது" என்றார்.

பழையதா? மிகப் பழையது! இந்தப் பிரதேசத்தைத் தழுவிய திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் தோன்றியவர் வில்லிபுத்தூரார் என்பார்கள். நாலாயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்களில் பாரதம் பாடினார். வியாசர் சொன்னது பதினெட்டுப் பருவம். வில்லியாரோ சௌப்திகம் என்னும் பத்தாம் பருவத்தோடு நிறுத்திக் கொண்டார். மிகுதியையும் கேட்க ஆசைப்பட்டவர்கள் 18-ம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை வந்து பாடும் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வசனத்தில் படிக்க விரும்பியவர்களின் பாடு வேறு. கும்பகோணத்தில் ம. வீ. இராமானுஜாசாரியார் பல பண்டிதர்களைக் கொண்டு பதினெட்டுப் பருவங்களையும் மொழிபெயர்ப்பித்துப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1932-ல் அது முற்றுப் பெறுவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது. அவர் கடன்பட்டார், சந்தாதாரர்கள் பொறுமை இழந்தார்கள். ஆனால் இன்றைக்கும் முழு மகாபாரதம் வேண்டும் என்பவர்கள் அந்தப் பதிப்பைத்தான் தேடிப் போகிறார்கள்.

எனினும், இந்த ஜில்லாவின் கிராமங்களில் திரௌபதி அம்மன் உற்சவம் நடக்கும்போது பாரதம் கேட்கிறவர்களைப் பாருங்கள். பகலில் பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்லுகிறார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக நடக்கிறது. நாள் கணக்காக நீடித்துக் கடைசியில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின் தொடையில் அடி விழுந்து படுகளம் நடக்கும் வரையில், "கதை எப்போது முடியும்?" என்று யாரும் கேட்பதில்லை. முடிவு எல்லாருக்கும் தெரியும். தூக்கம் வந்தவன் தூங்குகிறான்; விழித்தவனுக்குப் பக்கத்தில் இருப்பவர் விட்டதைச் சொல்லுகிறார். பெயர் மறந்தால் கேட்க ஆள் உண்டு. அலுத்தால் சேர்ந்து அலுத்துக் கொள்ளுகிறார்கள்!

தலை கொடுத்துக் கதை பார்த்தவன்

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறது. கூத்தாண்டவர் என்பவர் அர்ச்சுனன் மகன் அரவான். பாண்டவர் ஜயிப்பதற்காகக் களப்பலியாகத் தன்னைக் கொடுத்தவன். பலியாகுமுன் அவன் கேட்ட வரங்களில் ஒன்று, வெட்டுண்ட பிறகும் தன் தலை பதினெட்டு நாள் யுத்தத்தையும் முடிவு வரை பார்க்க வேண்டும் என்பது. அவனுக்காகத்தான் சித்திரை மாதத்தில் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வந்து தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து அழுகிறார்கள்.

"கதையின் முடிவைக் காண வேண்டும் என்ற ஆசையின் வேகத்தைப் பார்த்தீர்களா, தம்பி? உயிர் போன பிறகும் கண் மூடவில்லை!" என்றேன்.

ஆசிரியரின் கட்சி

வாலிபர் யோசனையில் ஆழ்ந்தார். பிறகு, "நியாயந்தான். ஆனால் கதையை ஆரம்பித்தவருக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய கடமை இல்லையா?" என்று கேட்டார்.

கடமை உண்டு, சந்தேகமே இல்லை. வாசகன் வருஷக்கணக்கில் நம்பிக்கை வைக்கிறான். அவன் கோபித்துக் கொள்ளுவதில் தவறே கிடையாது. மகாபாரதத்தை நம் காலத்தில் 'வெண்முரசு' என்று இருபத்தாறு நாவல்களாக எழுதிய ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி, எழுதிய காலங்களில் நாளுக்கு ஓர் அத்தியாயம் வீதம் வெளியிட்டு, 2020-ல் முடித்தார். அவ்வளவையும் தொடர்ந்து படிக்க முடியாமல் நடுவில் இளைப்பாறியவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. ஆனால் ஆசிரியர் இளைப்பாறிவிட்டார் என்று அவர்கள் குறை சொல்ல இடமில்லை.

எல்லா ஆசிரியருக்கும் காலன் அவ்வளவு அவகாசம் கொடுப்பதில்லை. 'பொன்னியின் செல்வ'னை முடித்த 1954-ம் வருஷத்திலேயே, டிசம்பர் மாதத்தில், கல்கி காலமானார். அப்போது அவர் எழுதிக் கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்றது. அதை அவருடைய புதல்வி ஆனந்தி நிறைவு செய்தார். நண்பர் திட்டிக் கொண்டிருந்த ஜோர்டனும் 2007-ல் கதை முடியுமுன்பே இறந்து போனார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் என்பவர் கடைசி மூன்று பாகங்களை எழுதி 2013-ல் முடித்தார்.

"நீங்கள் எண்ணிப் பார்த்த அந்தச் சடை இழுப்புகளை எழுதியவருக்குத் தம் கதையின் கடைசிப் பாகத்தை அச்சில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. உங்களுக்கு அந்தப் பாக்கியம் இருக்கிறது" என்றேன்.

இதற்குள் பஸ் வெள்ளிமலையை நெருங்கியது. குளிர்ந்த காற்று வீசிற்று. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த வரலாற்றை, அச்சுப் புத்தகம் இல்லாமலே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் மலையாளி மக்களின் ஊர்கள் இருபுறமும் தென்பட்டன.

"அப்படியானால் முடிவு வரையில் படிக்கச் சொல்லுகிறீர்களா, ஐயா?"

"படியுங்கள். ஆனால் தனியாகப் படிக்காதீர்கள். உங்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்குக் கொஞ்சமாக அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்."

அவர் முகத்தில் முதன் முறையாகப் புன்னகை அரும்பிற்று. "சொல்லலாம். பின்னல் வேலைகளையெல்லாம் விட்டுவிட்டால் பத்தாம் பாகம் இரண்டு இரவுக்குத்தான் காணும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "சடை இழுப்பதை மட்டும் விடமாட்டேன். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும்" என்று சேர்த்துக் கொண்டார்.

பஸ் நின்றது. அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். அவருக்கு இன்னும் நாலு பாகம் பாக்கி. ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்கு, பாவம், பதினான்கும் பாக்கி!