பெரிய மானிட்டர் ஏன் பேச்சைக் கேட்பதில்லை?

லேப்டாப்போடு தனி மானிட்டர் ஒன்றை இணைத்து வேலை செய்கிறவர்கள் கவனித்திருப்பார்கள். கீபோர்டில் வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் லேப்டாப் திரை மட்டும் பளிச்சிடும். பக்கத்தில் இருக்கும் பெரிய மானிட்டரில் ஒரு மாற்றமும் இருக்காது. விண்டோஸ் செட்டிங்ஸில் தேடினாலும் அந்த மானிட்டருக்கான வெளிச்ச அளவுகோல் பெரும்பாலும் கிடைக்காது. எதுவும் பழுதாகிவிடவில்லை. இரண்டு திரைக்குள்ளும் எரிகிற விளக்குகளை ஆள்பவர்கள் வேறு வேறு என்பதுதான் காரணம்.

எல்சிடி திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் பின்னால் எரியும் எல்ஈடி விளக்குகளின் ஒளியைத் தேவையான இடத்தில் விடுவதும் தடுப்பதும்தான் திரையின் வேலை. லேப்டாப்பில் அந்த விளக்குகளுக்குப் போகும் மின்சாரம் கணினியின் பிடியிலேயே இருக்கிறது. தனி மானிட்டருக்கோ சொந்த மின் இணைப்பு, சொந்த சர்க்யூட் போர்டு, சொந்த நினைவகம் எல்லாம் உண்டு. கணினி படத்தை அனுப்புகிறது. விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்பதை மானிட்டரே முடிவு செய்கிறது.

ஆனாலும் கணினியிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்ப ஒரு வழி இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ கேபிளின் 19 முனைகளில் 15, 16 ஆகிய இரண்டும் படத்துக்கானவை அல்ல. கேபிளைச் செருகியதும் மானிட்டர் தன் மாடல், தாங்கக்கூடிய ரெசல்யூஷன் முதலிய விவரங்களை இந்தக் கம்பிகள் வழியாகத்தான் கணினிக்குச் சொல்கிறது. அதே கம்பிகளில் கணினியும் மானிட்டருக்குக் கட்டளையிடலாம். வெசா அமைப்பு வகுத்த இந்த முறையின் பெயர் டிடிசி/சிஐ. விண்டோஸில் ட்விங்கிள் ட்ரே, மேக்கில் மானிட்டர்கண்ட்ரோல், லினக்ஸில் டிடிசியூட்டில் ஆகிய இலவச மென்பொருள்கள் இதைப் பயன்படுத்தி மானிட்டரின் விளக்கையே கூட்டிக் குறைக்கின்றன. எல்லோருக்கும் தெரிய வேண்டிய வசதி இது.

இந்த மென்பொருள்களில் ஒன்றை நிறுவியும் பலனில்லையென்றால் முதலில் மானிட்டரின் மெனுவில் டிடிசி/சிஐ ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சந்தேகம் இடையில் இருக்கும் டாக், கேவிஎம் ஸ்விட்ச், அடாப்டர் மீது. படத்தை ஒழுங்காகக் கடத்திவிட்டுக் கட்டளைகளைத் தொலைத்துவிடுகிறவை அவற்றில் உண்டு. கேபிளை நேரடியாகச் செருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மானிட்டர் மங்கலாகத் தெரிகிறதா? எதையும் கழற்றுவதற்கு முன், மானிட்டரில் இருக்கும் மெனு பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். அந்த மெனுவை வரைவது கணினி அல்ல, மானிட்டர். மெனு பளிச்சென்று இருந்து பின்னால் உள்ள படம் மட்டும் மங்கினால் கோளாறு கணினிப் பக்கம். மெனுவும் சேர்ந்து மங்கினால் மானிட்டரின் செட்டிங் அல்லது விளக்கு. பாதிக் குழப்பம் இந்த ஓர் அழுத்தலில் தீர்ந்துவிடும்.

கணினிப் பக்கத்தில் அடிக்கடி சிக்குவது வண்ண எல்லை. முழு எல்லையில் கறுப்பு 0, வெள்ளை 255. தொலைக்காட்சி மரபிலோ கறுப்பு 16, வெள்ளை 235. மானிட்டரைத் தொலைக்காட்சி என்று எண்ணிக் கணினி பின்னதை அனுப்பினால் கறுப்பு சாம்பலாகும், வெள்ளை சோர்ந்துபோகும். கிராஃபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனலில் முழு எல்லைக்கு மாற்றினால் போதும். இன்னொன்று ஹெச்டிஆர். அதை ஆன் செய்ததும் பல மானிட்டர்கள் தம் வெளிச்ச அளவைப் பூட்டிவிடும். சாதாரண ஜன்னல்களும் வெளிறித் தெரியும். ஹெச்டிஆர் படம் பார்க்காதபோது அதை அணைத்து வைப்பதே நல்லது.

வெளிச்சம் தானாக ஏறி இறங்குகிறதென்றால் திரை முழுக்க ஒரு வெள்ளைப் பக்கத்தையும் பிறகு ஒரு கறுப்புப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். படத்துக்கேற்ப மாறினால் மானிட்டரின் டைனமிக் கான்ட்ராஸ்ட், எக்கோ மோடு இரண்டையும் நிறுத்துங்கள். லேப்டாப் திரையென்றால் விண்டோஸ் 11-இல் உள்ளடக்கத்துக்கேற்ப வெளிச்சத்தை மாற்றும் வசதியை அணையுங்கள்.

இரண்டு திரையிலும் ஒரே சதவீதத்தை வைத்துச் சமன் செய்ய முயல்வதில் பயனில்லை. உச்ச வெளிச்சம் 250 நிட் உள்ள திரையின் 50 சதவீதமும் 400 நிட் திரையின் 50 சதவீதமும் ஒன்றல்ல. இரண்டிலும் வெற்று வெள்ளை ஜன்னலைத் திறந்து, வழக்கமாக வேலை செய்யும் அறை வெளிச்சத்தில், மங்கலான திரையை முதலில் கண்ணுக்கு இதமாக வையுங்கள். பிறகு மற்றதை அதற்கு இறக்குங்கள். கண்தான் இங்கே அளவுகோல்.

திரை முழுக்க இருண்டுபோனால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே படம் லேசாகத் தெரிந்தால் போனது பின்விளக்கு அல்லது அதற்கு மின்சாரம் தரும் பகுதி. திரைப் பலகை வேலை செய்கிறது. நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். பழுது பார்ப்பவரிடம் இந்த டார்ச் சோதனையைச் சொல்லுங்கள். புது மானிட்டர் வாங்கும் செலவு மிச்சமாகக்கூடும்.