நூறு நாள் வேலையும் ஊர்ப் பேச்சும்

சிவகாசி வட்டாரத்துச் சிற்றூர்களில், விடியற்காலையில் பட்டாசு ஆலை வண்டி ஏறுவோர், கண்மாய்க் கரையில் மண்வெட்டியுடன் அமர்ந்திருப்போரைக் கண்டு முணுமுணுப்பதை நாம் கேட்டிருக்கிறோம். "நாங்கள் மருந்தோடு மல்லாடுகிறோம், இவர்களுக்கு நிழலிலேயே கூலி!" என்பர். களையெடுக்க ஆளில்லை என்பது குடியானவர் குறை.

இக்குறை முற்றும் பொய்யன்று. காலையில் வேலையை அளந்துவிடாத இடத்தில் எவரும் நிழல் தேடவே செய்வர். அது பஞ்சாயத்தாரின் பிழையுமாகும். ஆயினும் கணக்கைப் பாருங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம் நூறு நாள் வேலையை ஆளுக்கன்று, குடும்பத்துக்கே அளித்தது. 2024-25இல் தமிழ்நாட்டில் நாட்கூலி 319 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் ஆண்டுக்கு 31,900. மாதம் 2,700கூட இல்லை. வெட்டிய மண் அளவில் குறைந்தால் கூலியும் குறையும். இதை நம்பி ஆலை வேலையை விடுவார் யார்?

கரையில் இருப்பவர் பல வீடுகளில் ஆலைக்குச் செல்பவரின் தாயோ மாமியாரோதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, வேறு கூலி தேடி அலைந்தவர்களும் இதே ஆலைத் தொழிலாளரே. அவர்கள் தூர்வாரும் கண்மாயின் நீரோ குறை கூறும் குடியானவரின் வயலுக்கே பாய்கிறது.

2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் வேலைநாளை 125 ஆக்கியது; விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடமளித்தது. அந்நாட்களை அறிவிப்பது மாநில அரசு. நம் மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியிலேயே விதைப்பு; நெல் விளையும் ஊர்களின் பருவம் வேறு. இதனைக் கிராம சபையில் இருதரப்பாரையும் வைத்துப் பேசி, தீர்மானமாக எழுதி அனுப்புங்கள்.